முன்சக்கரத்தில் மிதி: பேட்டைப் பட்டறையில் உருவான ஒரு சாய்வு மிதிவண்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலி பேட்டையில் லேத்தும் வெல்டிங்கும் வைத்து நடத்தப்படும் ஒரு சிறு பட்டறையில், பழைய கியர் சைக்கிள்கள் இரண்டை அறுத்துச் சேர்த்து, சாய்ந்து உட்கார்ந்தபடி முன்சக்கரத்தையே மிதித்து ஓட்டும் சாய்வு மிதிவண்டி ஒன்று செய்யப்பட்டது. வடிவக் கணக்கு இக்கட்டுரையாளருடையது; அறுப்பு, பற்றவைப்பு, கடைசல் அனைத்தும் பட்டறைக்காரருடையவை. வண்டியை ஓட்டுபவர் ஐம்பது வயதைக் கடந்த ஒரு பள்ளி ஆய்வகப் பணியாளர். வண்டி ஏன் இந்த வடிவத்தைப் பெற்றது, அதை ஓட்டப் பழகுவதில் எங்கே சிக்கல் எழுந்தது, சாலைக்கு வந்த பிறகு எது நிலைத்தது, எது முறிந்தது என்பனவே இங்கு பதிவாகின்றன.

தேவை

ஓட்டுநரின் வீடு சேரன்மகாதேவியில். பள்ளி திருநெல்வேலி டவுனில். பத்தமடை, சுத்தமல்லி, பேட்டை வழியாக ஒரு வழிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பேருந்தும் ரயிலும் இருந்தும், பல ஆண்டுகளாகச் சைக்கிளிலேயே போய் வந்தவர் அவர். நாளடைவில் இரு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகத் தொடங்கின. ஹேண்டில் பாரில் உடற்பாரம் சாய்ந்து நிற்கும்போது, மணிக்கட்டின் உட்புறம் ஓடும் நரம்பு நசுங்குவதால் வரும் கோளாறு இது. நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பவர்களிடம் பரவலாகக் காணப்படுவது. கையுறையும் மாற்று ஹேண்டில் பாரும் ஓரளவுக்கே உதவின. கழுத்து வலி அப்படியே இருந்தது.

இரண்டாவது காரணம் காற்று. காலையில் அவர் கிழக்கு நோக்கி வருகிறார். மாலையில் மேற்கு நோக்கித் திரும்புகிறார். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் இவ்வட்டாரத்துக்குள் நுழைவதால், ஆனி முதல் ஆவணி வரை மாலைப் பயணம் முழுவதும் எதிர்காற்றுதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பேச்சு இந்தச் சாலையில் மிகையாகத் தோன்றாது.

சாய்ந்து உட்கார்ந்து கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் வண்டியில் கைகளின் மேல் பாரம் விழுவதில்லை. காற்றுக்கு எதிரே நிற்கும் உடற்பரப்பும் குறைகிறது. இது புதிய கண்டுபிடிப்பன்று. 1933 ஜூலை 7 அன்று பாரிஸில், ஷார்ல் மோஷே வடிவமைத்த சாய்வு வண்டியில் ஃபிரான்சிஸ் ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி, 1914 முதல் நிலைத்திருந்த ஆஸ்கர் எக்கின் 44.247 கிலோமீட்டர் சாதனையைத் தாண்டினார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் இவ்வகை வண்டிகளைப் பந்தயத்திலிருந்து விலக்கியது. பந்தயம் வளர்த்த சைக்கிள்தான் கடைக்கு வந்து சேர்ந்தது என்பதால், சாய்வு வண்டி நம் ஊர்க் கடைகளை எட்டவே இல்லை.

ஏன் முன்சக்கரம்

வழக்கமான சாய்வு வண்டியில் மிதி முன்னால் இருக்கிறது. ஓடும் சக்கரமோ பின்னால் இருக்கிறது. இரண்டையும் இணைக்க, சாதாரணச் செயினைப் போல் இரண்டரை முதல் மூன்று பங்கு நீளச் செயின் வேண்டும். அது இருக்கைக்கு அடியில் வளைந்து செல்ல உருளைகளும் குழாய்களும் வேண்டும். உருளையை லேத்தில் நைலானில் கடைந்துவிடலாம். ஆனால் அது தேயும், சத்தமிடும், மண்ணை இழுக்கும். பட்டறைக்காரர் இதைத் தம் வழியில் சொன்னார்: “சார், செயின் எவ்வளவு நீளமோ, அவ்வளவு தொல்லை.”

முன்சக்கரத்தை ஓட்டினால் செயின் சாதாரண அளவில் நின்றுவிடும். அதற்கு இரு வழிகள் உள்ளன. பெடல் அச்சை நிலையான சட்டத்தில் பொருத்தி, ஹேண்டில் திரும்பும்போது செயின் முறுக்கிக்கொள்ள விட்டுவிடுவது ஒன்று. அதில் கால்கள் ஆடா, ஆனால் திருப்பம் ஓர் அளவுக்கு மேல் போனால் செயின் உரசும் அல்லது கழலும். பெடல் அச்சு, கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), செயின், சக்கரம் அனைத்தையும் ஃபோர்க்குடன் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையுடன்) சேர்த்தே திரும்ப விடுவது மற்றொன்று. 1980-களில் அமெரிக்காவில் டாம் டிரெய்லர் இவ்வகை வண்டியை உருவாக்கினார். பின்னர் குரூஸ்பைக் நிறுவனம் இதே அடிப்படையில் வண்டிகளைத் தயாரித்து விற்றது. இதில் செயினுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. தொந்தரவு முழுவதும் ஓட்டுபவரின் கால்களுக்கு மாற்றப்படுகிறது, ஏனெனில் ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் கால்களும் கூடவே திரும்ப வேண்டும்.

இரண்டாவது வழியே தேர்ந்தெடுக்கப்பட்டது. இரும்பில் மிச்சமாகும் வேலையை உடல் செய்து தீர்க்க வேண்டும் என்பது தெரிந்தே எடுத்த முடிவு இது. பேட்டையில் அறுக்கவும் ஒட்டவும் ஆள் உண்டு. கடைந்த உருளை தேய்ந்தால் மறுபடி மறுபடி பட்டறைக்கு வந்து நிற்க ஓட்டுநருக்கு நேரமில்லை. பழகுதல் ஒருமுறைச் செலவு, பராமரிப்பு தொடர்செலவு. இக்கட்டுரையாளரின் பார்வையில், சிற்றூர்ப் பட்டறைக்கு முன்சக்கர இயக்கம் பொருந்துவதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

செய்த விதம்

முதல் சைக்கிள் 26 அங்குலச் சக்கரங்கள் கொண்ட, இரும்புச் சட்டமுள்ள கியர் வண்டி. அதன் சட்டம் பெரும்பாலும் அப்படியே இருக்க, பெடல் இருந்த இடம் காலியாக விடப்பட்டது. இரண்டாவது சைக்கிளும் அதே வகைதான். அதிலிருந்து எடுக்கப்பட்ட துண்டில்தான் இவ்வடிவத்தின் நயம் அடங்கியிருக்கிறது.

பின்சக்கர அச்சிலிருந்து பெடல் அச்சுவரை வரும் இரு கிடைக்குழாய்கள், பெடல் அச்சு, அதிலிருந்து மேலே போகும் சீட்டுக் குழாய் ஆகிய மூன்றையும் ஒரே துண்டாக விட்டு, மற்ற குழாய்கள் அறுத்து நீக்கப்பட்டன. இத்துண்டைச் சக்கரத்தோடும் செயினோடும் கியரோடும் முன்பக்கம் கொண்டுவந்து, சக்கர அச்சை மையமாக வைத்து ஏறத்தாழ 45 பாகை மேலே சுழற்றினால், பெடல் அச்சு சக்கரத்துக்கு முன்னும் மேலுமாகத் தரையிலிருந்து 63 செ.மீ. உயரத்தில் வந்து நிற்கிறது. முன்பு வானைப் பார்த்திருந்த சீட்டுக் குழாய் இப்போது பின்புறமாகச் சாய்ந்து, ஃபோர்க்கின் தலையை நோக்கி நீள்கிறது. கிடைக்குழாயின் நீளம் 43 செ.மீ., சக்கரத்தின் ஆரம் 33 செ.மீ. என்பதால் பெடல் அச்சுக்கும் டயருக்கும் நடுவே போதிய இடைவெளி கிடைத்துவிடுகிறது. சீட்டுத் தண்டை அந்தக் குழாய்க்குள் செருகி, அதன் மறுமுனையை ஃபோர்க்கின் மேல்தலையைக் கவ்வும் கிளாம்பில் பற்றவைத்தால் ஒரு முக்கோணம் முடிந்துவிடுகிறது. கால் நீளத்துக்கு ஏற்றபடி நீட்டவும் குறைக்கவும் பழைய சீட்டு போல்ட்டே போதும். நீட்டும்போது பெடல் சக்கர அச்சைச் சுற்றியே நகர்வதால், செயினின் நீளத்தில் கை வைக்க வேண்டியதில்லை. ஒரு பழைய சைக்கிளின் பின்பாதி இவ்வளவு ஒழுங்காக இன்னொன்றின் முன்பாதியாகிவிடுவது, அறுத்துப் பிடித்துப் பார்க்கும்வரை நம்பக் கடினமாகவே இருந்தது.

ஃபோர்க்கில் அந்த எளிமை இல்லை. கியர் அடுக்கு உள்ள ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடத்தின்) அகலம் 13 செ.மீ.க்கு மேல், முன் ஃபோர்க்கின் இடைவெளி 10 செ.மீ. கிடைக்குழாய்களின் முனைகளும் அதே அச்சில் அமர வேண்டும். பழைய ஃபோர்க்கின் கால்களை அகட்டி வளைப்பதே பட்டறையில் முதலில் எழுந்த யோசனை. அவ்வளவு தூரம் வளைத்தால், எந்த இடத்தில் முறியக் கூடாதோ அந்த இடமான தலைப்பகுதி பலவீனப்படும் என்பதால் அது கைவிடப்பட்டது. ஃபோர்க்கின் நடுத்தண்டை மட்டும் வைத்துக்கொண்டு, 6 மி.மீ. தகட்டில் அகலமான தலையும், 25 மி.மீ. குழாயில் நேரான இரு கால்களும் புதிதாகச் செய்யப்பட்டன.

நேரான கால்களில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஹேண்டில் திரும்பும் அச்சின் கோட்டைத் தரைவரை நீட்டினால், அது தொடும் இடம் சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே விழும். இந்தத் தூரமே வண்டியை நேராக வைத்திருக்கிறது. தலை 70 பாகையில் சாய்ந்திருக்க, சக்கர அச்சு ஃபோர்க்கின் நேர்கோட்டிலேயே அமைந்தால் அத்தூரம் 12 செ.மீ. வரும். சாதாரண வண்டிக்கே இது அதிகம். கால்களின் பாரம் முழுவதும் ஃபோர்க்குக்கு முன்னால் தொங்கும் இவ்வண்டியில், மெதுவாகப் போகும்போது சக்கரம் ஒரு பக்கமாகச் சரிந்து விழப்பார்க்கும். ஆகவே சக்கர அச்சைப் பிடிக்கும் தகடுகள் கால்களுக்கு 4 செ.மீ. முன்னே பற்றவைக்கப்பட்டன, தூரம் 8 செ.மீ.க்கு இறங்கியது.

பொருள்களில் இரு எச்சரிக்கைகள் பின்பற்றப்பட்டன. துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாய் கையருகே கிடந்தும் அது பயன்படுத்தப்படவில்லை. பற்றவைக்கும்போது எழும் துத்தநாகப் புகை காய்ச்சலும் குளிரும் தரக்கூடியது, எடையும் கூடுதல். சைக்கிள் குழாயின் சுவர் மெலிதாகையால் ஆர்க் வெல்டிங்கில் எளிதில் ஓட்டை விழும். பழைய குழாய் சேரும் இணைப்புகள் கேஸில் பித்தளை வைத்துப் பற்றவைக்கப்பட்டன. தடித்த தகடுகளுக்கு மட்டும் ஆர்க்.

இருக்கையின் சட்டம் 20 மி.மீ. குழாய். அதன் மேல் கட்டில் நாடா குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிப் பின்னப்பட்டது. பலகையும் பஞ்சும் வைத்தால் இந்த ஊர் வெயிலில் முதுகு நனைந்துவிடும்; நாடா காற்றை உள்ளே விடுகிறது. ஓட்டுநர் தாமாகவே அதன் மேல் பத்தமடைக் கோரைப்பாய்த் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டார். ஊரின் பெயரைப் பரப்பிய பட்டுப்பாய் அல்ல, திண்ணையில் விரிக்கும் சாதாரணப் பாய்தான். வியர்வையை அது நன்றாகவே வாங்குகிறது.

கியர்கள் பழைய வண்டியினுடையவை: முன்னால் 24, 34, 42 பற்கள், பின்னால் 14 முதல் 28 வரை. மிகக் கனமான கியரில் ஒரு மிதிக்கு 6 மீட்டருக்குச் சற்று அதிகமாகவும், மிக லேசான கியரில் 1.75 மீட்டரும் வண்டி நகரும். நிமிடத்துக்கு 70 மிதி என்றால் மேல் கியரில் மணிக்கு 26 கி.மீ. வேகம் கிடைக்கும். முழு வண்டியின் எடை 20 கிலோ.

காலும் கையும்

வண்டி நின்ற நாளிலேயே பட்டறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஏறிப் பார்த்தார்கள். ஒருவராலும் பத்து அடி நேராகப் போக முடியவில்லை. “கட்டில்ல படுத்துக்கிட்டு சைக்கிள் விடுதான் பாருல” என்ற சிரிப்பு, வண்டி சாக்கடைப் பக்கம் திரும்பியதும் அடங்கிவிட்டது.

காரணம் எளிய இயக்கவியல். வலது கால் பெடலை முன்னோக்கித் தள்ளும்போது, அந்த விசை திரும்பும் அச்சுக்கு வலப்புறம் ஏறத்தாழ 10 செ.மீ. தள்ளி விழுகிறது, அதனால் முன்பகுதி முழுவதும் இடப்பக்கம் திரும்பப் பார்க்கிறது. இடது கால் மிதித்தால் வலப்பக்கம். சாதாரணச் சைக்கிளில் பெடல் பின்சட்டத்தோடு இணைந்திருப்பதால் இந்த முறுக்கு ஹேண்டிலுக்கு வருவதில்லை. இங்கோ ஒவ்வொரு மிதிக்கும் வண்டி ஒரு பக்கம் திரும்பி, உடனே மறுபக்கம் திரும்புகிறது. காலின் தள்ளுவிசை 200 நியூட்டன் என்று வைத்தால், முறுக்கு 20 நியூட்டன் மீட்டர், 56 செ.மீ. அகல ஹேண்டிலில் இரு கைகளும் அதைத் தாங்க ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடைக்கு ஈடான விசை தர வேண்டும். தாங்க முடியாத அளவன்று. அதைத் தர வேண்டிய நேரமும் திசையும் தெரியாததே பிரச்சினை.

செயினின் இழுப்பும் வண்டியைத் திருப்பும் என்று பட்டறையில் வாதம் நடந்தது. அது திருப்பாது. செயின் இழுக்கும் இரு முனைகளும் ஃபோர்க்கோடு சேர்ந்த பகுதியிலேயே இருப்பதால் அவ்விசை உள்ளுக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. வெளியிலிருந்து வருவது காலின் தள்ளல் மட்டுமே. இதைத் தெளிவாக்கியது பயனுள்ளதாக அமைந்தது, ஏனெனில் தீர்வு இரும்பில் இல்லை, கையில்தான் இருக்கிறது என்பது அதன் பின்னரே எல்லோருக்கும் ஒப்புதலாயிற்று.

பழகுவதற்கு ஓர் அரிசி ஆலையின் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் கிடைத்தது. மழைநீர் வடிய அத்தகைய களங்கள் ஒரு பக்கம் இலேசாகச் சரிந்திருக்கும். அந்தச் சரிவே இங்கு ஆசானாகியது. முதலில் பெடலைத் தொடாமல், கால்களை இருபுறமும் தொங்கவிட்டு, மேட்டிலிருந்து உருள மட்டுமே ஓட்டுநர் அனுமதிக்கப்பட்டார். மிதியில்லாத நிலையில் இவ்வண்டி சாதாரண வண்டியைப் போலவே நிற்கிறது என்பதை உடல் அறிந்துகொண்ட பிறகு, கால்களைப் பெடலில் வைத்து மிதிக்காமல் உருளுதல். கால்களாலேயே ஹேண்டிலை மெல்ல அசைத்துப் பார்த்தல். அதன் பிறகே மிதி. மிதியும் லேசான கியரில், விசையே இல்லாத அளவுக்கு.

இந்த வரிசையில் கடினமான இடம் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. நேராகப் போவது சில நாள்களில் வந்துவிட்டது. நின்ற நிலையிலிருந்து கிளம்புவதுதான் நெடுநாள் வரவில்லை. கிளம்பும் கணத்தில் வேகம் இல்லை, ஆகவே சமநிலைக்கு உதவ ஒன்றுமில்லை; ஆனால் அப்போதுதான் முதல் மிதி மிக வலுவாக விழுகிறது, முறுக்கும் அப்போதே உச்சத்தில் இருக்கிறது. வலது காலால் மிதித்துக் கிளம்புபவர் அதே கணத்தில் வலது கையைத் தம் பக்கம் இழுக்க வேண்டும். “மிதிக்கிற பக்கத்துக் கையை இழு” என்ற ஒரே வாக்கியமாகச் சுருக்கிச் சொன்னதும், ஓட்டுநர் அதைத் துடுப்புப் போடுவதாகப் புரிந்துகொண்டார். தோள் இறுகினால் அதுவும் நடக்காது. பிடியை இறுக்க இறுக்க வண்டி கூடுதலாக ஆடுகிறது. முழங்கை தளர்ந்திருந்தால் ஆட்டம் தானே அடங்குகிறது.

பழகிய பிறகு இந்தக் குறையே பயனாக மாறுவதையும் பதிவு செய்ய வேண்டும். ஏற்றத்தில் ஓட்டுநர் இரு கைகளாலும் மாறி மாறி இழுத்து, தோளையும் முதுகையும் மிதிக்குத் துணையாக்குகிறார். பின்சக்கரச் சாய்வு வண்டியில் கைகளுக்கு இந்த வேலையே இல்லை. நரம்பு நசுங்கிய மணிக்கட்டுக்கு இழுப்பு ஒத்துக்கொண்டது. அதற்குப் பகை அழுத்தம்தான்.

இன்றும் அவரால் செய்ய இயலாதது ஒன்று: குறுகிய தெருவில் முழு வட்டமாகத் திரும்புவது. ஹேண்டில் அதிகம் திரும்பும்போது உட்புறக் கால் மடங்கி முழங்கால் ஹேண்டிலை முட்டுகிறது. வெளிப்புறக் கால் எட்டாமல் போகிறது. டவுன் ரத வீதிகளில் சிக்கலில்லை. அவற்றிலிருந்து பிரியும் சந்துகளில் இறங்கித் தள்ளித்தான் திருப்ப வேண்டும்.

பிடிப்பும் காற்றும்

முன்சக்கர இயக்கத்தின் மீது வைக்கப்படும் பெரிய ஐயம் ஏற்றத்தில் சக்கரம் வழுக்குமா என்பது. பழைய இரும்புக் கடையின் மேடைத் தராசில் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி (மற்றதைச் சம உயரப் பலகையில் நிறுத்தி), ஓட்டுநரோடு சேர்த்து எடை பார்க்கப்பட்டது: முன்னால் 48 கிலோ, பின்னால் 40 கிலோ. பாரத்தில் பாதிக்கு மேல் முன்சக்கரத்தில் இருக்கிறது. நூற்றுக்குப் பத்து ஏற்றத்தில் சிறிது பாரம் பின்னே நகர்ந்தாலும், 0.22 அளவுக்கு (அதாவது முன்சக்கரத்தின் மேலுள்ள பாரத்தில் 0.22 பங்கு) உராய்வு கிடைத்தால் போதும். மிதியின் விசை சீராக இல்லாமல் துடிப்புத் துடிப்பாக வருவதால் உச்சத்தில் ஏறத்தாழ 0.35 தேவைப்படும். உலர்ந்த தார்ச் சாலை இதைப் போல் இரு மடங்கு தரும். தாரின் மேல் உதிரி மணலோ சரளையோ கிடந்தால் தராது.

நடைமுறையும் இதையே காட்டியது. ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றம் ஒரு பொருட்டாக இல்லை. கால்வாய்க் கரைப் பாதையில், மதகுக்கு ஏறும் சிறு மண்மேட்டில் முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. அங்கே இன்னும் வலுவாக மிதிப்பது பயன் தராது. லேசான கியருக்கு இறங்கி, முதுகை இருக்கையிலிருந்து எடுத்து முன்னே குனிந்தால் ஏறும். தேரிக்காட்டுச் செம்மணலில் இவ்வண்டியைக் கொண்டுபோவது வீண் வேலை.

காற்றில்தான் இவ்வண்டி தன் விலையைத் திருப்பித் தருகிறது. நிமிர்ந்து ஓட்டும் சாதாரணச் சைக்கிளுக்குக் காற்றுத்தடைப் பரப்பு 0.55 சதுர மீட்டர் என்றும், இவ்வகை வண்டிக்கு 0.35 என்றும் வைத்துக்கொண்டு, மணிக்கு 20 கி.மீ. எதிர்காற்றில் 15 கி.மீ. வேகத்தில் போவதைக் கணக்கிட்டால், காற்றைத் தள்ள மட்டும் முன்னதற்கு 125 வாட்டும் பின்னதற்கு 80 வாட்டும் வேண்டும். ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்கு, வேலை முடிந்து திரும்பும் மாலையில், அந்த 45 வாட் மிகப் பெரிய வேறுபாடு. ஆடி மாதத்தில் பத்தமடைக்கு முன்னால் வயல்வெளி திறக்கும் இடத்தில் முன்பெல்லாம் இறங்கித் தள்ளியதாகவும், இப்போது கியரைக் குறைத்து மிதித்துப் போய்விடுவதாகவும் ஓட்டுநர் சொல்கிறார். பக்கவாட்டுக் காற்று மட்டும் தனிக் கதை. வயல்வெளியில் வேகமாக எதிரே வரும் பேருந்து கடந்து போகும் கணத்தில் முன்பகுதி ஓர் அசைவு அசைகிறது. கால்கள் இரண்டும் அந்தப் பகுதியின் மேலேயே இருப்பதால் அதை அடக்கவும் கால்களே உதவுகின்றன.

முறிந்ததும் மாற்றியதும்

முதல் கோளாறு, நீட்டுக் குழாயாகப் பயன்படும் சீட்டுத் தண்டு ஃபோர்க் தலையின் கிளாம்பைச் சேரும் இடத்தில் வந்தது. பெயிண்டின் மேல், பற்றவைப்பின் கீழ் விளிம்பை ஒட்டி, தலைமுடி அளவில் ஒரு கோடு. அதிலிருந்து துரு நிறத்தில் மெல்லிய பொடி கசிந்திருந்தது. துடைத்தால் மறுநாளும் அதே இடத்தில் பொடி. விரல்நகத்தை அதன் மேல் குறுக்காக ஓட்டியபோது நகம் தட்டியது. பெயிண்ட் வெடிப்பாக இருந்தால் நகம் அப்படித் தட்டியிருக்காது; இரும்பே விட்டிருக்கிறது என்று பட்டறைக்காரர் சொன்னார். கிரைண்டரில் பெயிண்டை எடுத்துப் பார்த்தபோது அதுவே உண்மை. அக்குழாயை ஒவ்வொரு மிதியும் ஒரு பக்கம் முறுக்க, அடுத்த மிதி எதிர்ப்பக்கம் முறுக்குகிறது. ஒரே திசையில் வரும் பெரிய பாரத்தையும் தாங்கும் இணைப்பு, மாறி மாறி வரும் சிறு பாரத்தில் விடுவது இரும்பின் இயல்பு. வெடிப்பின் மேல் மீண்டும் பற்றவைப்பதோடு நிறுத்தாமல், அதன் முனைகளில் துளையிட்டு, பழைய பற்றவைப்பை அரைத்தெடுத்து, கீழே ஒரு முக்கோணத் தகடும் சேர்க்கப்பட்டது. அதன் பின் அந்த இடத்தைக் கழுவித் துடைத்துப் பார்ப்பது ஓட்டுநரின் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகிவிட்டது. இம்முறையில் வண்டி செய்ய விரும்புவோர் அத்தகட்டை முதலிலேயே வைத்துவிட வேண்டும்.

செருப்பு அடுத்த பிரச்சினை. வார்ச்செருப்போடு மிதிக்கும்போது பெடலிலிருந்து பாதம் நழுவினால், சாதாரணச் சைக்கிளில் கால் தொங்கும், அவ்வளவுதான். சாய்வு வண்டியில் நழுவிய பாதம் தரையில் ஊன்றி, வண்டி அதன் மேல் ஏறிப் போவதால் காலைப் பின்னுக்கு இழுத்து இருக்கைக்கு அடியில் மடக்கிவிடும். கணுக்கால் முறியக்கூடிய விபத்து இது. பெடலின் பின்னால் குதிகாலைத் தாங்கும் தகரக் கிண்ணம் ஒன்று பொருத்தப்பட்டது. கட்டுச் செருப்பு இல்லாமல் ஏறுவதில்லை என்பது விதியாயிற்று. பெடல் இருக்கையைவிட உயரத்தில் இருப்பதால், மிதித்துப் பழகிய தொடக்கத்தில் பாதம் மரத்தது. பாதத்தின் நடுப்பகுதி பெடலில் அமருமாறு கிண்ணத்தை நகர்த்தியதும் அது பெரிதும் குறைந்தது. கை மரத்ததற்காகச் செய்த வண்டியில் கால் மரத்ததைச் சொல்லி அவர் வீட்டில் இன்னமும் சிரிக்கிறார்களாம்.

இருக்கை சாதாரணச் சைக்கிளைவிடத் தாழ்வு என்றாலும், ஓட்டுபவரின் கண் ஒரு காரோட்டியின் கண்மட்டத்தில்தான் இருக்கிறது. பின்னால் வரும் லாரிக்கு அது போதாது. ஆகவே இருக்கையின் பின்னே மெல்லிய ஃபைபர் கம்பியில் ஆரஞ்சு நிறத் துணியும், கீழே சிவப்பு விளக்கும் உண்டு. இச்சாலையில் இதுவரை வாகனங்கள் இதற்கு விலகியே போகின்றன. விசித்திரமாக இருப்பதும் ஒரு பாதுகாப்புதான் போலும். ஆடுகள் மட்டும் விலகுவதில்லை.

இந்த வண்டியைப் பார்த்து, முக்கூடல் பக்கத்துப் பால்காரர் ஒருவர் தமக்கும் அதேபோல் ஒன்று வேண்டும் என்று பட்டறைக்கு வந்தார். பின் கேரியரில் இரு பக்கமும் கேன் தொங்க, 40 கிலோ ஏற்றுபவர் அவர். அந்தப் பாரம் பின்சக்கரத்தின் மேலேயே விழும் என்பதால், முன்சக்கரத்தின் பங்கு மொத்தத்தில் நூற்றுக்கு 55-லிருந்து 37-ஆகக் குறையும். முன்பு சொன்ன அதே ஏற்றத்தில் மிதியின் உச்சத்துக்கு 0.55 உராய்வு வேண்டியிருக்கும்; மழை பெய்த காலையில், சாணமும் மண்ணும் கிடக்கும் ஊர்த்தெருவில் அது கிடைக்காது. நெரிசலில் நின்று நின்று கிளம்ப வேண்டிய தொழில் வேறு. பாரத்தை முன்னால் கொண்டுவரலாமா என்று கேட்டார். ஹேண்டிலோடு சேர்ந்து 40 கிலோ திரும்புவதைக் கைகள் தாங்கா. அவருக்குப் பின்சக்கர இயக்கமே சரி என்று சொல்லி, பழைய வண்டியின் கேரியரைத் தாழ்த்தி அகலப்படுத்தி, பின்சக்கரத்துக்குத் தடித்த ஸ்போக்ஸ் கட்டிக் கொடுத்தார் பட்டறைக்காரர்.